கடலுக்குப் பூஜ்யம் போடலாமா?

அன்புள்ள ஐயா,

நெய்வேலிப் படுகைக்கு, நிலத்தடி நீரோட்டத்தைக் கணக்கிடும் மோட்ஃப்ளோ மென்பொருளில் மூன்று அடுக்கு மாடல் செய்கிறேன். நான்கு பக்கமும், எல்லா அடுக்குக்கும் மாறா மட்டம் கொடுத்தேன். கடல் பக்கம் பூஜ்யம். கண்காணிப்புக் கிணறுகளோடு நன்றாகப் பொருந்துகிறது. ஆனால் இறைப்பை இருமடங்காக்கினாலும் நீர்மட்டம் பெரிதாக இறங்கவில்லை. எங்கே தவறு?

ஆய்வு மாணவி, சிதம்பரம்

அன்புள்ள மாணவிக்கு,

கிணறுகளோடு பொருந்துவதை மட்டும் நம்பாதீர்கள். நீர்க்கணக்கைத் திறந்து, மாறா மட்ட எல்லை வழியாக எவ்வளவு உள்ளே வருகிறது என்று பாருங்கள். கூட்டிய இறைப்பில் பெரும்பகுதி அங்கிருந்துதான் வந்திருக்கும். மாறா மட்டம் என்பது எவ்வளவு இறைத்தாலும் வற்றாத ஏரி. விருத்தாசலத்துக்கு அடியில் அப்படியோர் ஏரி கிடையாது.

மேல் அடுக்குக்கு மழை நேராக இறங்கும். பழுப்பு நிலக்கரிக்குக் கீழே உள்ள அடுக்குக்கு, மேற்கே கடலூர் மணற்கல் தரையில் தலைகாட்டும் இடத்தில் பெய்கிற மழைதான் முக்கிய வரத்து. அங்கே மட்டத்தைப் பூட்டாதீர்கள். ஊறல் அளவைக் கொடுங்கள். மணற்கல் முடிந்து கெட்டிப்பாறை தொடங்கும் இடத்தை ஓட்டமில்லா எல்லையாக வையுங்கள்.

அந்தக் கீழ் அடுக்கு நிலக்கரியை ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 6 முதல் 8 கிலோ அழுத்தத்தில் மேலே தள்ளுகிறது. அறுபது, எண்பது மீட்டர் உயரத் தண்ணீரின் பலம் அது. சுரங்கத் தரை வெடித்துவிடாமல் இருக்கத்தான் ஓயாமல் இறைக்கிறார்கள். உங்கள் மாடலைப் பார்த்து "இன்னும் இறைக்கலாம்" என்று யாராவது எழுதினால், சுற்றுவட்டார விவசாயிதான் போர்வெல்லை இன்னும் ஆழமாக இறக்க வேண்டியிருக்கும்.

இனி கடல். மேல் அடுக்குக்குக் கரையில் பூஜ்யம் போடலாம். கீழ் அடுக்கு கரையோடு நிற்பதில்லை, கடலடியிலும் தொடர்கிறது. அதற்குப் பொது மட்ட எல்லை, அதாவது தொலைவில் உள்ள நீர்மட்டத்தோடு இணைக்கும் எல்லை கொடுத்து, கடலோடு அது கலக்கும் தூரத்தைக் கடத்துதிறனில் (எல்லை வழியே நீர் எவ்வளவு எளிதாகப் பாயும் என்ற அளவில்) காட்டுங்கள். உப்புநீரின் எடையையும் சேருங்கள்: கடல்நீர் நன்னீரைவிட நாற்பதில் ஒரு பங்கு கனம். 200 மீட்டர் ஆழத்தில் கடலின் நன்னீர்ச் சம மட்டம் (அதே அழுத்தத்தைத் தரும் நன்னீரின் மட்டம்) பூஜ்யமல்ல, 5 மீட்டர். பூஜ்யம் என்று வைத்தால், உப்பு உள்ளே வரும் நிலையிலும் நன்னீர் கடலுக்குப் போவதாக மாடல் சொல்லக்கூடும். எனக்கு மிகவும் கவலை தருவது இந்தப் பிழைதான்.

வடக்கு, தெற்கு எல்லைகளைப் பத்து கிலோமீட்டர் தள்ளிவைத்து மறுபடி ஓட்டுங்கள். சுரங்கத்தருகே மட்டம் மாறினால், எல்லை போதிய தூரத்தில் இல்லை என்று அர்த்தம். இரண்டு ஓட்டத்தின் நீர்க்கணக்கையும் அனுப்புங்கள், சேர்ந்து பார்ப்போம்.