நோட்ஸ் தராத பேராசிரியர், 50க்கு 21

கேள்வி: ராயபுரத்தில் வசிக்கிறேன். சென்னையில் ஒரு தன்னாட்சிக் கல்லூரியில் எம்.ஏ. தமிழ் முதலாண்டு படிக்கிறேன். சங்க இலக்கியம் நடத்தும் ஐயா நோட்ஸே தருவதில்லை. ஒரு பாட்டை எடுத்தால் அந்த வகுப்பு முழுக்க அதிலேயே போய்விடுகிறது. ஐந்து அலகில் இரண்டுகூட முடியவில்லை. முதல் இன்டர்னலில் ஒரு கேள்வியையும் விடாமல் 14 பக்கம் எழுதினேன். 50க்கு 21 போட்டிருக்கிறார். ஓரத்தில் 'பாட்டு எங்கே?' என்று மட்டும் எழுதியிருந்தார். பி.ஏ.வில் 78 சதவீதம் வாங்கியவள் நான். 'அவர் பேப்பரில் 60 வாங்கினாலே பெரிய விஷயம், அடுத்த செமஸ்டரில் அவருடைய விருப்பப் பாடத்தை எடுத்துவிடாதே' என்று சீனியர் அக்காக்கள் சொல்கிறார்கள். ஒரு அண்ணன் மட்டும் 'அவரிடம் படித்ததுதான் படிப்பு' என்கிறார். எனக்குக் கல்லூரி ஆசிரியர் தகுதித் தேர்வான நெட் எழுத வேண்டும், பிஎச்.டி. செய்ய வேண்டும். மறுமதிப்பீடு கேட்கலாமா அம்மா? துறைத்தலைவரிடம் போகலாமா?

பதில்: முதலில் கணக்கைப் போட்டுவிடுவோம். பயத்தில் பாதி அங்கேயே தீரும்.

இன்டர்னலில் 50க்கு வாங்கியது அப்படியே மதிப்பெண் பட்டியலில் ஏறுவதில்லை. சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்த கல்லூரிகளில் பொதுவாக ஒரு தாளுக்கு அக மதிப்பீடு 25, செமஸ்டர் தேர்வு 75. தன்னாட்சிக் கல்லூரிகள் இந்தப் பிரிப்பைத் தாங்களே வகுத்துக்கொள்ளும், உங்கள் கல்லூரிக் கையேட்டில் பாருங்கள். எப்படியும் அந்த அக மதிப்பீட்டுக்குள்தான் இன்டர்னல் தேர்வு, அசைன்மென்ட், செமினார் எல்லாம் அடக்கம். தேர்வுக்கு 10 என்று வைத்துக்கொண்டால் உங்கள் 21 சுருங்கி 4.2 ஆகிறது. 35 வாங்கிய தோழிக்கு 7. வித்தியாசம் 2.8. செமஸ்டருக்கு ஐந்து தாள், மொத்தம் 500 என்றால் இது அரை சதவீதத்துக்குச் சற்று மேல், அவ்வளவுதான். நெட் எழுத முதுகலையில் பொதுப்பிரிவுக்கு 55 சதவீதம் வேண்டும், எஸ்.சி., எஸ்.டி., கிரீமி லேயரில் வராத ஓ.பி.சி., மாற்றுத்திறனாளிகள், மூன்றாம் பாலினத்தவர் ஆகியோருக்கு 50 போதும். ஒரு இன்டர்னல் உங்கள் பிஎச்.டி.யைக் கெடுத்துவிடாது.

ஆனால் முதுகலையில் தேர்ச்சிக்கே பொதுவாக 50 சதவீதம் வேண்டும் என்பதையும் மறக்க வேண்டாம். 21 தேறாத மதிப்பெண். செமஸ்டரிலும் இதே மாதிரி எழுதினால் அரியர் விழலாம். அதனால் அவர் ஓரத்தில் எழுதிய இரண்டு சொல்லைப் பார்ப்போம். நீங்கள் அதைத் திட்டு என்று எடுத்துக்கொண்டீர்கள் போலிருக்கிறது. எனக்கு அது ஒரு முழு மதிப்பீடாகத் தெரிகிறது, கொஞ்சம் சோம்பேறித்தனமான மதிப்பீடு என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

உங்கள் விடைத்தாளை நான் பார்க்கவில்லை. ஆனால் முப்பது வருடம் தாள் திருத்தியவளுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று ஊகிக்க முடியும். குறுந்தொகையின் மூன்றாம் பாட்டின் நயத்தை விளக்குக என்று கேள்வி வந்ததாக வைத்துக்கொள்வோம்.

நிலத்தினும் பெரிதே வானினும் உயர்ந்தன்று
நீரினும் ஆரள வின்றே சாரல்
கருங்கோற் குறிஞ்சிப் பூக்கொண்டு
பெருந்தேன் இழைக்கும் நாடனொடு நட்பே

வழக்கமான விடை இப்படித் தொடங்கும்: 'குறுந்தொகை எட்டுத்தொகை நூல்களுள் ஒன்று. 'நல்ல குறுந்தொகை' எனப் போற்றப்படுவது. தொகுத்தவர் பூரிக்கோ. நான்கடி முதல் எட்டடி வரையிலான பாடல்களைக் கொண்டது.' அப்புறம் குறிஞ்சித் திணையின் முதல், கரு, உரி ஒரு பக்கம். அப்புறம் பாட்டின் பொருள் உரைநடையில்: தலைவனோடு கொண்ட நட்பு நிலத்தைவிடப் பெரியது, வானைவிட உயர்ந்தது, கடலைவிட ஆழமானது. கடைசியில் 'இவ்வாறு சங்கப் புலவர் காதலின் பெருமையைச் சிறப்பாக எடுத்துரைக்கிறார்.' இதில் ஒரு வரியும் தப்பில்லை. ஆனால் பொருள் சொன்ன அந்த நாலு வரியைத் தவிர வேறெதுவும் இந்தப் பாட்டைப் பற்றியதும் இல்லை. பாட்டின் எண்ணை மாற்றி வேறு குறிஞ்சிப் பாட்டுக்கும் அப்படியே ஒட்டிவிடலாம். 'பாட்டு எங்கே?' என்று அவர் கேட்டது இதைத்தான்.

சரி, பாட்டுக்குள் போனால் என்ன இருக்கிறது? முதலில் துறைக் குறிப்பை, அதாவது யார் எந்தச் சூழலில் சொன்னது என்று பாட்டோடு வரும் குறிப்பைப் படியுங்கள். தலைவன் வேலிக்கு அப்பால் நின்று கேட்டுக்கொண்டிருக்கிறான். அவன் சீக்கிரம் வந்து மணம் முடிக்க வேண்டும் என்பதற்காகத் தோழி அவனைக் குறை சொல்கிறாள். அதற்குத் தலைவி சொல்லும் பதில் இது. அப்படியென்றால் இது சும்மா உட்கார்ந்து காதலை வியப்பது இல்லை. தன் ஆளை இன்னொருத்தி குறை சொல்லும்போது ஒரு பெண் அவனுக்காகப் பரிந்து பேசுவது. நிலம், வானம், நீர் என்று அவள் பெரிதுபடுத்துவதற்கு இங்கே காரணம் கிடைத்துவிடுகிறது. அவன் காதில் விழும் என்பது தெரிந்துதான் பேசுகிறாளா என்று கேட்டால் பாட்டு இன்னும் சுவாரசியமாகிவிடும்.

அடுத்து சொல்வரிசை. பெரியது, உயர்ந்தது, ஆழம் காண முடியாதது என்று சொல்லிக்கொண்டே போகிறாள். எது என்று சொல்வதில்லை. 'நட்பே' என்பது பாட்டின் கடைசிச் சொல். அதுவரை நம்மைக் காக்க வைக்கிறாள். நடுவில் என்ன வருகிறது பாருங்கள்: கரிய காம்புள்ள ஒரு பூ. வானமும் கடலும் அளந்த வாய், சட்டென்று மலைச்சரிவில் ஒரு பூவில் வந்து நிற்கிறது. அந்தச் சின்னப் பூக்களிலிருந்து இழைத்தது 'பெருந்தேன்'. 'பெரிதே' என்று தொடங்கியவள் 'பெரு' என்ற சொல்லை மறுபடி கொண்டுவருகிறாள், இந்தத் தடவை துளித்துளியாகச் சேர்ந்த ஒன்றுக்கு. இந்த நட்பும் அப்படிச் சேர்ந்ததா என்று ஒரு மாணவி எழுதினால் பேனாவை ஒரு நிமிடம் கீழே வைத்துவிடுவேன்.

இவ்வளவும் எழுத ஒன்றரைப் பக்கம் போதும். பூரிக்கோ ஒரு வரியில் வந்தால் போதும், வராவிட்டாலும் குடிமுழுகாது. ஒருமுறை என் மாணவன் ஒருவன், நீலக்குறிஞ்சி பன்னிரண்டு வருடத்துக்கு ஒருமுறை பூப்பதால் அந்தத் தேனும் அரிது, ஆகவே இந்த நட்பும் அரிது என்று எழுதினான். பாட்டில் அந்தச் சேதி இல்லவே இல்லை. ஆனாலும் பாட்டின் ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு வாதாடினானே என்று மதிப்பெண் போட்டேன், பக்கத்தில் 'சான்று?' என்றும் எழுதினேன். அந்தக் கேள்விக்குறி தண்டனை இல்லை, அடுத்த தடவைக்கான வேலை.

பி.ஏ.வில் வாங்கிய 78 பொய்யா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் மனதில் இருக்கும். பொய் இல்லை. அங்கே பெரும்பாலும் தெரிந்த செய்தியைச் சொல்லச் சொன்னார்கள், சொன்னீர்கள். எத்தனை பக்கம் என்று பார்த்து மதிப்பெண் போடும் பழக்கம் எங்கள் தொழிலில் இல்லவே இல்லை என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். ஒருமுறை வேல்யூவேஷன் கேம்ப்பில் மிக மோசமான ஒரு கட்டைத் திருத்தி முடித்த கையோடு அடுத்த கட்டைப் பிரித்தேன். முதல் தாள் சுமார்தான், ஆனால் அப்போது எனக்கு அமிர்தமாகத் தெரிந்தது. 75க்கு 52 போட்டேன். மாலையில் திருத்திய தாள்களில் சிலவற்றை மாதிரிக்கு எடுத்துப் பார்த்த சீஃப், அதாவது தலைமைத் திருத்துநர், 'அம்மா, இதுக்கா 52?' என்று தாளை என் முன்னால் வைத்தார். மறுபடி படித்தேன். 43க்கு மேல் தேறவில்லை. திருத்துபவரும் மனிதர்தான், கட்டுக்குக் கட்டு கை மாறும்.

அதனால்தான் முதுகலைத் தாள்களுக்குப் பல இடங்களில் இரட்டை மதிப்பீடு வைத்திருக்கிறார்கள். பதிவெண்ணை மறைத்து டம்மி நம்பர் போட்டு, இரண்டு பேர் தனித்தனியே திருத்துவார்கள். இரண்டுக்கும் இடைவெளி பெரிதாக இருந்தால் மூன்றாமவரிடம் போகும். உங்கள் கல்லூரியிலும் இந்த முறை இருந்தால் ஐயா ஒருவராக உங்கள் செமஸ்டர் மதிப்பெண்ணைத் தீர்மானிக்க முடியாது. சீனியர்கள் சொல்லும் 60 கணக்கில் இதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

சீனியர்கள் சொல்வதை ஒதுக்கச் சொல்லவில்லை. ஆனால் அவர்கள் ஒரு பேராசிரியரைப் பற்றிச் சொல்லும்போது பாதி தங்களைப் பற்றித்தான் சொல்வார்கள். 'கறார்' என்று ஒருவர் சொன்னால் 'உங்கள் பேப்பரைக் காட்டுங்கள் அக்கா' என்று கேளுங்கள். ஐயா எங்கே கோடு போட்டிருக்கிறார், எங்கே டிக் அடித்திருக்கிறார் என்று பாருங்கள். அந்த அண்ணனுடையதையும் வாங்கிப் பாருங்கள். பத்துப் பேரின் அபிப்பிராயத்தைவிட இரண்டு விடைத்தாள் அதிகம் சொல்லிவிடும்.

இப்போது மறுமதிப்பீடு. இன்டர்னலுக்கு அந்த ஏற்பாடு பொதுவாகக் கிடையாது. தாள் உங்கள் கையிலேயே இருக்கிறது, கூட்டல் சரியா, ஏதாவது விடை திருத்தாமல் விடுபட்டிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். கூட்டல் தப்பு நீங்கள் நினைப்பதைவிட அதிகம் நடக்கும். செமஸ்டர் தேர்வுக்கு மறுகூட்டல், விடைத்தாள் நகல், மறுமதிப்பீடு என்று தனித்தனி விண்ணப்பம், தனித்தனிக் கட்டணம், முடிவு வந்ததிலிருந்து குறுகிய கெடு. இரட்டை மதிப்பீடு இருக்கும் பல இடங்களில் முதுகலைக்கு மறுமதிப்பீடு தருவதில்லை என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். பல்கலைக்கழகம், அரசுக் கல்லூரி போன்ற பொது அமைப்புகளில் உங்கள் திருத்திய விடைத்தாளைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் பார்க்கலாம். 2011இல் உச்ச நீதிமன்றமே அப்படித் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. திருத்தியவர் யார் என்பது மட்டும் கிடைக்காது.

துறைத்தலைவரிடம் இப்போதே போக வேண்டாம். முதலில் ஐயாவிடமே போங்கள். எப்படிக் கேட்கிறீர்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. 'ஏன் ஐயா மார்க் குறைத்தீர்கள்' என்று கேட்டால் எந்த ஆசிரியரும் தன் மதிப்பெண்ணுக்குக் காவல் நிற்கத்தான் பார்ப்பார். ஒரே ஒரு விடையை, மேலே சொன்ன மாதிரி ஒன்றரைப் பக்கத்தில் திரும்ப எழுதி எடுத்துக்கொண்டு போய், 'இதில் எந்த இடத்தில் நான் பாட்டை விட்டு விலகுகிறேன் ஐயா?' என்று கேளுங்கள். வகுப்பு முடிந்து நாலு பேர் சூழ்ந்திருக்கும்போது வேண்டாம். துறை அறையில் அவர் தனியாக இருக்கும் நேரமாகப் பாருங்கள். ஒரு பாட்டுக்கு ஒரு மணி நேரம் செலவழிக்கிறவர் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் அனுப்பினால் எனக்கு ஆச்சரியமாக இருக்கும்.

ஐந்து அலகில் இரண்டுகூட முடியவில்லை என்கிறீர்களே, அதில் நான் அவர் பக்கம் இல்லை. எவ்வளவு ஆழமாக நடத்தினாலும் கேள்வித்தாள் ஐந்து அலகிலிருந்தும்தான் வரும். இதை வகுப்புப் பிரதிநிதி மூலமாக, எல்லோரும் சேர்ந்து, மரியாதையாக அவரிடம் கேட்கலாம். நடக்காவிட்டால் துறைத்தலைவரிடம் சொல்லலாம். அது புகார் இல்லை, பாடத்திட்டம் உங்களுக்குச் சேர வேண்டியது. அதுவரை நோட்ஸுக்காகக் காத்திருக்காதீர்கள். உ.வே.சா. 1937இல் உரையோடு வெளியிட்ட குறுந்தொகைப் பதிப்பைத் தேடிப் பாருங்கள். துறைக் குறிப்பு, பதவுரை, ஒத்த வரிகள் எல்லாம் ஒரே இடத்தில் இருக்கும். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தளத்தில் உரையோடு செல்போனிலேயே படிக்கலாம். புத்தகமாக வேண்டுமென்றால் ராயபுரத்திலிருந்து எழும்பூர் கன்னிமாரா நூலகம் பக்கம்தான். நேரம் இருக்கும் நாளில் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்துக்கும் போய்ப் பாருங்கள்.

கறாரும் அநியாயமும் வேறுவேறு. எல்லோருக்கும் குறைவாகப் போடுகிறவர் கறார். ஒரே தரமான விடைக்கு உங்களுக்கு ஒரு மதிப்பெண், இன்னொருவருக்கு வேறு என்று திரும்பத் திரும்ப நடந்தாலோ, சாதியையோ ஊரையோ பெண் என்பதையோ வைத்துப் பேச்சு வந்தாலோ அது வேறு கதை. அப்போது ஐயாவிடம் போய் விளக்கம் கேட்டுக்கொண்டிருக்க வேண்டாம். பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி.யின் 2023 விதிமுறைப்படி கல்லூரியில் மாணவர் குறைதீர்ப்புக் குழு இருக்க வேண்டும். அதற்கு மேல் முறையிடப் பல்கலைக்கழகத்தில் குறைகேட்பு அதிகாரி உண்டு. பாலியல் தொல்லை என்றால் நேரே உள்ளகப் புகார்க் குழு. எதுவானாலும் எழுத்தில் கொடுங்கள், விடைத்தாள் நகல்களை இணையுங்கள், தேதி போடுங்கள், 'கொடுமைக்காரர்' மாதிரியான சொற்களை எடுத்துவிடுங்கள். நீங்கள் எழுதியதில் அப்படி எதுவும் எனக்குத் தென்படவில்லை.

விருப்பப் பாடத்தை இப்போதே முடிவு செய்ய வேண்டியதில்லை. இரண்டாம் இன்டர்னலுக்கு முன் மூன்று பாட்டுக்கு ஒன்றரைப் பக்கம் வீதம் எழுதி, பாட்டின் சொல்லை நீங்கள் எடுத்தாண்ட இடங்களைப் பென்சிலால் வட்டமிடுங்கள். பக்கத்துக்கு நாலைந்து வட்டம்கூட விழவில்லை என்றால் திரும்ப எழுதுங்கள். அதை அவரிடம் காட்டி, அந்த இன்டர்னலையும் எழுதிவிட்டு, தாள் கைக்கு வந்ததும் மதிப்பெண்ணைப் பார்க்கும் முன் ஓரத்தைப் பாருங்கள். குறிப்பு நீண்டிருந்தால், மதிப்பெண் 26தான் என்றாலும் அவருடைய பாடத்தை எடுங்கள். வெறும் எண் மட்டும் இருந்தால் அக்காக்கள் சொன்னதைக் கேட்டு வேறு தாளுக்குப் போங்கள்.