ஓட்டு விழாத டாக்டர்

அன்புள்ள ஐயா,

சொந்த ஊர் பாலக்கோடு. வெளியூரில் பொது மருத்துவம் முதலாண்டு பிஜி படிக்கிறேன். எங்கள் டிபார்ட்மெண்டில் மாதாமாதம் ஓட்டெடுத்து 'சிறந்த ரெசிடெண்ட்' (படித்துக்கொண்டே வார்டில் வேலை பார்க்கும் டாக்டர்) என்று ஒருவரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். எனக்கு இதுவரை ஒரு ஓட்டுகூட விழவில்லை. போன வாரம் 30 மணி நேர டியூட்டி முடிகிற சமயம், ஒரு தாத்தாவை "14ஆம் பெட்" என்றே கூப்பிட்டுவிட்டேன். அவர் திரும்பவில்லை. கூடப் படிப்பவர்களின் பாராட்டுக்கு ஏங்குவது சிறுபிள்ளைத்தனமா?

ம.

அன்புள்ள ம.,

இல்லை. என் பெரியம்மா வயிற்றுப்போக்கில் துவண்டு தர்மபுரியில் அட்மிட் ஆகியிருந்தார். உடம்பில் நீரே இல்லை, வெயின் அகப்படவில்லை. ஒரு பெண் பயிற்சி டாக்டர் கட்டிலோரம் முழங்காலிட்டு, புறங்கையைத் தட்டித் தட்டி, மூன்றாவது தடவையில் ஊசியை ஏற்றினார். நான் கும்பிட்டேன். தலையை மட்டும் ஆட்டினார். அந்தப் பக்கம் வந்த, அவரோடு வேலை பார்க்கும் தோழி, "எப்படிடி கிடைச்சது? காலைல நான் ரெண்டு தடவை விட்டுட்டேன்" என்றார். அப்போதுதான் அந்தப் பெண்ணுக்குச் சிரிப்பே வந்தது. தோற்றவர் சொன்னதால் வந்த சிரிப்பு அது. என் கும்பிடு அந்த வேலையைச் செய்யாது.

ஓட்டெடுப்பும் செய்யாது. உங்கள் ஊர்த் தக்காளி மண்டியில் அத்தனை கூடை இறங்குகிறதே, ஒரே ஒரு கூடைக்கு மாலை போட்டால் மற்றதெல்லாம் சொத்தையா?

உளவியலாளர் கிறிஸ்டினா மாஸ்லாக், சூசன் ஜாக்சனோடு சேர்ந்து 1981இல் வெளியிட்ட பர்ன்அவுட் (வேலையால் சோர்ந்துபோவது) அளவுகோலில் மூன்று விஷயங்களைப் பார்ப்பார்கள். மனம் வற்றிப்போவது, எதிரே இருப்பவர் ஆளாகத் தெரியாமல் போவது, நாம் எதையும் சாதிக்கவில்லை என்ற எண்ணம். உங்கள் '14ஆம் பெட்' இரண்டாவது. தோழியின் ஒரு வரி மூன்றாவதைக் கொஞ்சம் தணிக்கும். முதலாவதற்குத் தூக்கம்தான் வேண்டும், கைதட்டல் போதாது.

டியூட்டி நேரத்துக்கு விதி இல்லாமல் இல்லை. 1992ஆம் ஆண்டின் மத்திய ரெசிடென்சி திட்டம் தொடர்ந்து 12 மணி நேரம், வாரம் 48 மணி நேரம் என்று வரம்பு சொன்னது. 2023இன் முதுநிலை மருத்துவப் படிப்பு விதிகள் ஆண்டுக்கு 20 நாள் தற்செயல் விடுப்பும் வாரம் ஒருநாள் விடுப்பும் தருகின்றன, வார விடுப்பை மட்டும் 'வேலை நெருக்கடியைப் பொறுத்து' என்ற வாலோடு. அந்த வாலைப் பிடித்துக்கொண்டுதான் 30 மணி நேரம் ஓடுகிறது. ஓட்டெடுக்கிற நேரத்தில் டியூட்டி சார்ட்டைத் திருத்தலாமே என்பது என் கட்சி.

சரி, உங்களைப்போல ஓட்டு விழாத இன்னொருவர் அங்கே நிச்சயம் இருப்பார். அவர் உருப்படியாகச் செய்த ஒரு காரியத்தை, நோயாளியின் பெயரோடு அவரிடமே சொல்லிவிடுங்கள். அப்புறம் இந்த வார விடுப்பைக் கேட்டு வாங்கி, ஊருக்குப் போய்த் தூங்குங்கள். இதற்குப் பதில் எழுத அவசரம் இல்லை.