நாலு கிலோ குறைந்ததில் இதயத்துக்கு லாபம் உண்டா?

கேள்வி: வயது 46. உயரம் 168 செ.மீ., எடை 84 கிலோ. ரத்த அழுத்தம் 142/92, டிரைகிளிசரைடு (ரத்தத்தில் உள்ள ஒருவகைக் கொழுப்பு) 240. எடையை 65 கிலோவுக்குக் கொண்டுவரச் சொன்னார்கள். மூன்று மாதம் முயன்று 80-க்கு வந்தேன், அதற்குமேல் அசையவில்லை. இந்த நாலு கிலோவால் ஏதாவது பலன் உண்டா, இல்லை விட்டுவிடலாமா?

பதில்: தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். 65 என்ற எண்ணை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். நீங்கள் குறைத்தது கிட்டத்தட்ட 5 சதவீதம். பலன் தெரிய ஆரம்பிப்பதே இந்த அளவில்தான். ஒரு கிலோ குறைந்தால் ரத்த அழுத்தம் சராசரியாக ஒரு புள்ளி இறங்கும்.

எடை இறங்கும்போது தொப்பைக்கு உள்ளே, குடலைச் சுற்றியிருக்கும் கொழுப்புதான் வேகமாகக் கரையும். அதிகக் கெடுதல் செய்வதும் அதுதான். அது கொழுப்பு அமிலங்களைக் கல்லீரலுக்கு அனுப்பி டிரைகிளிசரைடை ஏற்றுகிறது, இன்சுலினின் வேலையைக் கெடுக்கிறது.

அமெரிக்காவில் 5,000-க்கும் அதிகமான சர்க்கரை நோயாளிகளிடம் நடந்த ‘லுக் அஹெட்’ ஆய்வில், 5 முதல் 10 சதவீதம் எடை குறைத்தவர்களுக்கு ஒரே ஆண்டில் ரத்த அழுத்தம், சர்க்கரை, டிரைகிளிசரைடு மூன்றிலும் நல்ல மாற்றம் தெரிந்தது. ஆனால் மொத்தமாகப் பார்த்தபோது மாரடைப்பும் பக்கவாதமும் குறைந்ததாக நிரூபிக்க முடியவில்லை. முதல் ஆண்டில் 10 சதவீதமாவது குறைத்தவர்களிடம் ஆபத்து குறைவாக இருந்தது, பிறகு செய்த அலசலில் தெரியவந்தது. அதனால் உங்கள் அடுத்த இலக்கு 76 கிலோ. அவசரமே இல்லை, ஆறு மாதம் எடுத்துக்கொள்ளுங்கள்.

எடை நின்றுவிட்டால் முதலில் தட்டைப் பாருங்கள். மதியம் சோற்றைப் பாதியாக்கி, அந்த இடத்தில் காய், சுண்டல், முட்டை அல்லது மீன் வையுங்கள். டிரைகிளிசரைடு 240 இருப்பதால் சர்க்கரை போட்ட காபி, டீயும் மதுவும் வேண்டாம். தினமும் அரை மணி நேர வேகநடை போதும்.

மாதம் ஒருமுறை இடுப்பளவும் எடுங்கள். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில் டேப்பை வைத்து, மூச்சை விட்ட பிறகு, வயிற்றை எக்காமல் அளக்க வேண்டும். நம் ஆண்களுக்கு 90 செ.மீ.க்குள் இருப்பது நல்லது. எடை நின்ற மாதத்திலும் இது குறையலாம்.

அப்புறம், மாத்திரை விஷயம். எடை குறைவதால் எல்டிஎல் என்ற கெட்ட கொலஸ்ட்ரால் பெரிதாக இறங்காது. அதைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்றால் நீங்களாக நிறுத்தாதீர்கள். ரத்த அழுத்த மாத்திரை எடுப்பவராக இருந்து, எழுந்து நின்றதும் தலைசுற்றினால் மருத்துவரிடம் உடனே சொல்லுங்கள். டோஸைக் குறைக்க வேண்டியிருக்கலாம்.