பாஸ் மீனுக்கு கிராஃபிஷ் நிற கிராங்க்பெய்ட்: சிவப்பு வாங்கலாமா, பழுப்பா?

கிழக்கு டெக்சாஸ் ஏரிகளில் பிப்ரவரி, மார்ச்சில் லார்ஜ்மவுத் பாஸ் (பெரிய வாயுள்ள நன்னீர் மீன்) பிடிக்கப் போவதாகவும், கடையில் கிராங்க்பெய்ட் (இழுத்தால் ஆடி நீந்தும் செயற்கை இரை) கிராஃபிஷ் (பாஸ் தின்னும், கொடுக்குள்ள இறால் போன்ற நன்னீர் உயிரி) நிறத்திலேயே பல வகை இருப்பதாகவும் சொல்லி, சிவப்பா பழுப்பா, எதை வாங்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தப் பருவத்துக்கு என் பதில்: முதலில் சிவப்பு. அங்குள்ள சாம் ரேபர்ன் ஏரியில், நீருக்கடியில் வளர்ந்திருக்கும் ஹைட்ரில்லா பாசிக்கு மேலே சிவப்பு நிற லிப்லெஸ் (முன்னால் தகடு இல்லாத) கிராங்க்பெய்ட்டை இழுப்பது அங்கே காலங்காலமாக நடப்பது. இரை பாசியில் சிக்கினால் பதற வேண்டாம். தூண்டில் கோலை வெடுக்கென்று சுண்டுங்கள். விடுபட்டுப் பாயும் அந்த நொடியில்தான் பெரும்பாலும் மீன் அடிக்கும்.

ஆனால் எல்லா கிராஃபிஷும் சிவப்பல்ல. இனம், இடம், பருவத்தைப் பொறுத்துப் பச்சை கலந்த பழுப்பு முதல் கருஞ்சிவப்பு வரை மாறும். ஓடு கழற்றிய புதிதில் உடல் மென்மையாக, வெளிறி இருக்கும். கரையோரக் கல்லைப் புரட்டி ஒன்றைப் பிடித்துப் பாருங்கள். முதுகு, வயிறு, கொடுக்கு நுனி மூன்றும் வேறுவேறு நிறமாக இருக்கலாம். தெளிந்த நீரில் அந்த நிறத்தையே தேடி வாங்குங்கள். பெரும்பாலும் பழுப்போ பச்சையோதான் அமையும். கலங்கிய நீருக்குச் சிவப்பு, ஆரஞ்சு, அல்லது கறுப்பு முதுகோடு பளிச்சென்ற மஞ்சள்பச்சை.

ஆழம் கூடக்கூட தெளிந்த நீரிலும் சிவப்பு மங்கிவிடும். அதனால் நிறத்தைவிட நான் முக்கியமாக நினைப்பது, இரை தரையைத் தொடுகிறதா என்பது. எட்டு அடி ஆழத்துக்குப் பத்து அடி இறங்கும் கிராங்க்பெய்ட்டை எடுங்கள். அது கல்லில் முட்டி விலகும்போதுதான் தப்பியோடும் கிராஃபிஷ் மாதிரியே தெரியும்.