பேரம் பேசாத ஆசாமி

கேள்வி: பழைய தையல் மெஷினை விற்க இணையத்தில் போட்டேன். பத்தே நிமிடத்தில் ஒருவர், சொன்ன விலைக்கே எடுத்துக்கொள்வதாகச் சொல்லி, க்யூஆர் கோடு அனுப்பினார். ஸ்கேன் செய்தால் பணம் வருமாம். செய்யலாமா? – ஒரு வாசகி

பதில்: வேண்டாம்மா. ஸ்கேன் செய்து, உங்கள் ரகசிய ‘பின்’ (PIN) நம்பரைத் தட்டினால் உங்கள் பணம்தான் போகும். பணம் வாங்க பின் நம்பரும் தேவையில்லை, ஓடிபியும் தேவையில்லை.

பழைய மெஷின் வாங்குகிறவர், தையல் விட்டுப்போகிறதா, பெல்ட் தளர்ந்திருக்கிறதா என்று ஒரு வார்த்தை கேட்க மாட்டாரா? எனக்கு அங்கேயே இடிக்கிறது.

நான் சைக்கிள் விற்றபோதும் ஒருவர் இப்படித்தான். பணம் அனுப்பியாச்சு என்று ஸ்கிரீன்ஷாட் வந்தது. அடுத்த நிமிடமே, “ஒரு சைபர் கூடப் போட்டுட்டேன் சார், மீதியைத் திருப்பி அனுப்புங்க” என்று ஒரே அவசரம். வங்கிக் கணக்கைத் திறந்து பார்த்தேன், எதுவும் வரவில்லை. படத்தை உற்றுப் பார்த்தால் தேதி முந்தைய நாளுடையது! (சோம்பேறித்தனத்துக்கும் ஓர் அளவில்லையா?)

உங்கள் ஆளிடம், “நேரில் வந்து ஓட்டிப் பாருங்கள், பணம் கணக்கில் ஏறியதும் எடுத்துப் போங்கள்” என்று சொல்லுங்கள். அப்புறம் அவரிடமிருந்து பதில் வராது.