மலேரியாவும் ஜீப்பில் வந்தவர்களும் – கடிதம்

அன்புள்ள சார்,

உங்கள் அப்பா மலேரியா வொர்க்கராக மேலூர்ப் பக்கம் சைக்கிளில் அலைந்ததைப் பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையை வாசித்தேன். நான் மதுரையில் நுண்ணுயிரியல் எம்.எஸ்சி. முடித்தவள். ஒடிசாவில் கோராபுட் பக்கம் மலேரியா ஒழிப்புத் திட்டத்துக்குத் தொழில்நுட்ப உதவி செய்யும் குழுவில் ஒரு வருட ஒப்பந்த வேலை கிடைத்திருக்கிறது. வீட்டில் ஒரே சண்டை. "கொசு மருந்து அடிக்கவா இவ்வளவு செலவழிச்சுப் படிக்க வச்சோம்" என்கிறார் அம்மா. "மலேரியாவெல்லாம் இப்ப எங்க இருக்கு" என்கிறார் அப்பா. அதைவிட என்னை உறுத்துவது உங்கள் கட்டுரையில் வந்த ஒரு வரி. 'வேலை பார்த்தவன் வெயிலில் நின்றான், ஆலோசனை சொன்னவன் ஜீப்பை விட்டு இறங்கவில்லை.' நான் போகப்போவதும் அந்த ஜீப் வேலைக்குத்தானா?

ம., திருநகர், மதுரை

அன்புள்ள ம.,

அந்த வரியில் இருந்த கோபம் அப்பாவுடையது. நான் இரவல் வாங்கி எழுதினேன். அவர் சொன்னதில் பாதியைத்தான் எழுதியிருக்கிறேன் என்பது உங்கள் கடிதத்தைப் படித்த பிறகுதான் உறைத்தது. மீதியை இப்போது சொல்லிவிடுகிறேன்.

மலேரியா வொர்க்கர் பதினைந்து நாளைக்கு ஒரு முறை ஒவ்வொரு வீட்டுக்கும் போய் யாருக்காவது காய்ச்சலா என்று கேட்க வேண்டும். ஆமாம் என்றால் இடது கை மோதிர விரலில் குத்தி, முதல் சொட்டைப் பஞ்சால் துடைத்துவிட்டு, அடுத்த சொட்டுகளை ஸ்லைடு என்கிற கண்ணாடித் துண்டில் எடுக்க வேண்டும். ஒரே ஸ்லைடில் இரண்டு தடவல். ஒன்று சட்டைப் பொத்தான் அகலத்துக்குத் தடிமனாக. இன்னொன்று மெல்லியது, வேறொரு ஸ்லைடின் விளிம்பை வைத்து இழுத்தால் நாக்கு மாதிரி வர வேண்டும். தடிமனானதில் கிருமி இருக்கிறதா என்று தேடுவார்கள், மெல்லியதில் அது எந்த ஜாதி என்று பார்ப்பார்கள். வேலை முடிந்ததும் சுவரில் தேதி போட்டுக் கையெழுத்து.

வருடத்துக்கு ஜனத்தொகையில் நூற்றுக்குப் பத்துப் பேர் ரத்தமாவது எடுத்திருக்க வேண்டும் என்பது விதி. ஜீப்பில் வருகிறவர் கண்ணாடியை இறக்கிக் கேட்பது ஒரே கேள்வி: "எத்தனை ஸ்லைடு?" மாசக் கடைசியில் கணக்கு இடித்தால் அப்பா டீக்கடையில் சும்மா உட்கார்ந்திருப்பவர் விரலில் குத்துவாராம். ஒரு தடவை தன் விரலையே குத்திக்கொண்டதாகச் சொல்லி அப்பா சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த ஸ்லைடையும் யாரோ ஒருவர் மைக்ராஸ்கோப்பில் வைத்து, நூறு புலம் (ஒரு நேரத்தில் கண்ணுக்குத் தெரிகிற வட்டம்) நகர்த்தி நகர்த்திப் பார்த்திருப்பார் இல்லையா?

கட்டுரையில் விட்டுப்போனது இதுதான். ஒரு நாள் அந்த ஜீப்பிலிருந்து ஒருவர் இறங்கினார். மைக்ராஸ்கோப் பார்க்கிற ஆள். அப்பா அப்போதுதான் எடுத்திருந்த ஈர ஸ்லைடை வாங்கி, கேரியரில் இருந்த தினத்தந்தி மேல் வைத்தார். "எழுத்து தெரியுதா?" தெரியவில்லை. "ரத்தம் ஜாஸ்திய்யா. சாயம் போடும்போது உரிஞ்சு போயிரும். அடியில இருக்கிற எழுத்து மட்டு மட்டாத் தெரியணும்." ஒரு நிமிஷ வேலை. அதற்குப் பிறகு ஓய்வு பெறும்வரை அப்பா ஒவ்வொரு ஸ்லைடையும் பேப்பர் மேல் வைத்துப் பார்த்தார். அத்தனை நாளாக அவர் அனுப்பியதில் எத்தனை உரிந்து போயிருக்கும் என்று பிற்பாடு வருத்தப்பட்டிருக்கிறார். தொழில்நுட்ப உதவி என்றால் எனக்கு அந்தத் தினத்தந்திதான். நீங்கள் போகப்போவது ஜீப் வேலையா இல்லையா என்பது நீங்கள் இறங்குவதைப் பொறுத்தது.

இனி உங்கள் அப்பாவின் கேள்வி. நாம் இன்று குடிக்கிற வைகைத் தண்ணீரில் பெரியாற்றுத் தண்ணீர் கலந்திருக்கிறது. அந்தப் பெரியாறு அணையை 1887 முதல் 1895 வரை கட்டியவர்களில் மலேரியாவில் செத்தவர்கள் ஏராளம். நம் ஊருக்குப் பழக்கமில்லாத நோயல்ல என்பதற்காகச் சொன்னேன். 'இப்ப எங்க இருக்கு' என்ற கேள்வியை இந்த நாடு ஏற்கெனவே ஒரு தரம் கேட்டு நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டது.

1953-இல் தேசிய மலேரியா கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கியபோது வருடத்துக்கு ஏழரைக் கோடிப் பேருக்கு மலேரியா, எட்டு லட்சம் சாவு என்று மதிப்பிட்டிருந்தார்கள். அமெரிக்க உதவியோடு டிடிடி என்ற கொசு மருந்து வந்தது, உலக சுகாதார நிறுவனத்தின் ஆலோசனை வந்தது. 1958-இல் 'கட்டுப்பாடு' என்ற பெயரையே 'ஒழிப்பு' என்று மாற்றினார்கள். 1965-இல் எண்ணிக்கை ஒரு லட்சமாக இறங்கிவிட்டது. எல்லோருக்கும் நிம்மதி. 1976-இல் அறுபத்து நான்கு லட்சத்தைத் தாண்டியது. கொசு டிடிடிக்குப் பழகிவிட்டது. மருந்து நேரத்துக்கு வரவில்லை. கண்காணிப்பைப் பொது சுகாதாரத் துறையிடம் ஒப்படைத்தார்கள், அங்கே அதற்கு ஆள் இல்லை. நகரங்களைக் கிட்டத்தட்ட மறந்தே போனார்கள். பக்கத்து இலங்கையில் 1963-இல் நாடு முழுக்கப் பதினேழே பேர். மருந்தடிப்பதை நிறுத்தினார்கள். அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் ஐந்து லட்சம். அவர்கள் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்து, 2016-இல்தான் மலேரியா இல்லாத நாடு என்ற சான்றிதழை வாங்கினார்கள்.

அதனால் என் எண்ணம் இதுதான்: நோய் கொத்துக் கொத்தாக இருக்கும்போது யார் வேண்டுமானாலும் கண்டுபிடித்துவிடலாம். குறையும்போதுதான் கெட்டிக்காரர்கள் வேண்டும். வருடம் பூராவும் ஒரு கிருமியைக்கூடப் பார்க்காத லேப் டெக்னீஷியனுக்கு அடுத்த வருடம் அது கண்ணெதிரே வந்தாலும் தெரியாது. அதற்காகத்தான் பாசிட்டிவ் ஸ்லைடுகளோடு, 'இல்லை' என்று சொன்னதிலும் ஒரு பங்கை வேறொரு ஆய்வுக்கூடத்தில் திரும்பப் பார்க்கச் சொல்லி வைத்திருக்கிறார்கள். பட்ஜெட்டில் முதலில் வெட்டு விழுவதும் இந்த மாதிரி வேலைக்குத்தான். ஊருக்குள் புகை வண்டி விட்டால் போட்டோ வரும். திரும்பப் பார்த்த ஸ்லைடை யார் போட்டோ எடுப்பார்கள்? (அந்தப் புகை, தொட்டித் தண்ணீரில் கிடக்கும் புழுவை ஒன்றும் செய்யாது என்பது வேறு கதை.)

நீங்கள் போகிற ஒடிசாவும் அந்த இறங்குமுகத்தைப் பார்த்தது. 2017-இல் அவர்கள் தொடங்கிய 'தமன்' திட்டத்தில் எட்டாத மலைக்கிராமங்களுக்குப் போய், காய்ச்சல் இருக்கிறவர் இல்லாதவர் என்று பார்க்காமல் எல்லோருக்கும் ரத்தம் பார்த்தார்கள். காய்ச்சலே காணாமல் உடம்பில் கிருமியோடு நடமாடுகிறவர்கள் அப்படித்தான் அகப்பட்டார்கள். மருந்து ஏற்றிய கொசுவலைகளும் வீடு வீடாகப் போயின. எண்ணிக்கை சரசரவென்று இறங்கியது. இந்தியா 2030-க்குள் அறவே ஒழிக்க இலக்கு வைத்திருக்கிறது. உள்ளூரில் தொற்றிய ஒருவர்கூட இல்லாமல் மூன்று வருடம் தொடர்ந்து கடந்தால்தான் சான்றிதழ்.

மதுரைக்கு இதில் என்ன என்றால், ஒன்று நடந்தது. செக்கானூரணியில் எனக்குத் தெரிந்த குடும்பத்துப் பையன், முறுக்கு கம்பெனி வேலைக்கு வடக்கே போனவன், குளிர்க்காய்ச்சலோடு திரும்பி வந்தான். ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் டெங்கு பார்த்தார்கள், டைபாய்டு பார்த்தார்கள், தினமும் பிளேட்லெட் எண்ணினார்கள். ஐந்து நாள். ஒரு நாள் விட்டு ஒரு நாள் உதறல். எங்கிருந்து வந்தாய் என்று ஒருவரும் கேட்கவில்லை. அப்பாவின் சிநேகிதர், ஓய்வு பெற்ற லேப் டெக்னீஷியன், பார்க்கப் போனவர் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே கேட்டார், "எந்த ஊர்லருந்துடா வந்திருக்க?" மறுநாள் ரத்தத் தடவலில் விவாக்ஸ் என்கிற மலேரியா வகை என்று வந்தது.

மாத்திரை கொடுத்தார்கள். மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டது. பையன் பிரைமாகுயினை நான்காம் நாளே நிறுத்தப் பார்த்தான். ஈரலுக்குள் ஒளிந்திருக்கிற கிருமிக்குத்தான் அந்தப் பதினான்கு நாள் மாத்திரை, நடுவில் விட்டால் சில மாதம் கழித்து மறுபடி உதறும் என்று அந்தப் பெரியவர்தான் தினம் போன் போட்டு விழுங்க வைத்தார். அந்த வீட்டு மாடியில் மூடியில்லாத தண்ணீர்த் தொட்டி ஒன்று இருக்கிறது. நகரத்தில் மலேரியாவைப் பரப்பும் ஸ்டீபன்சி கொசு முட்டையிடுவது அந்த மாதிரி நல்ல தண்ணீரில்தான். மிச்சத்தை உங்கள் அப்பாவே யோசித்துக்கொள்வார்.

அம்மாவுக்கு என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. கொசு மருந்து அடிப்பது கேவலமான வேலை இல்லை என்று மட்டும் சொல்லுங்கள். எங்கள் வீட்டில் மூன்று பேர் அதில்தான் படித்தோம்.

போய் வாருங்கள். முதல் வாரத்திலேயே அறிக்கைகளைக் கேட்காதீர்கள், ஸ்லைடுப் பெட்டியைக் கேளுங்கள். மற்றொன்று: பொங்கலுக்கோ சித்திரைத் திருவிழாவுக்கோ ஊருக்கு வந்திருக்கும்போது காய்ச்சல் கண்டால், டாக்டர் கேட்பார் என்று காத்திருக்க வேண்டாம். ஒடிசாவிலிருந்து வருகிறேன், ரத்தத் தடவல் எடுத்துப் பாருங்கள் என்று நீங்களே சொல்லிவிடுங்கள்.