கட்டைக்கு ஒரு அடி

கேள்வி: சிங்கப்பூரில் மகள் வீட்டுக்குப் போயிருந்தேன். அங்கே பழைய ரயில் பாதையை நடைபாதையாக மாற்றியிருக்கிறார்கள். தினமும் காலையில் பேரனோடு நடந்தேன். அத்தனை மரம், அத்தனை சுத்தம்! நம்முடைய ரயில் ஓடிய பாதை அது. நாம் விட்டுக்கொடுத்ததை அவர்கள் பூங்காவாக்கி விட்டார்கள். கோலாலம்பூரில் ஏன் இப்படி ஒன்று இல்லை? நமக்கு இடிக்க மட்டும்தான் தெரியுமா? (பெயர் போட வேண்டாம், செந்தூல்)

பதில்: விட்டுக்கொடுத்தோம் என்று யார் சொன்னது? சிங்கப்பூருக்குள் இருந்த நம் மலேசிய ரயில் நிலத்தைப் பற்றி 1990-ல் இரண்டு நாடும் ஒப்பந்தம் போட்டன. அதற்கு என்ன அர்த்தம் என்று இரண்டு அரசாங்கங்களும் இருபது வருடம் இழுத்தன. 2010-ல் ஒருவழியாகத் தீர்த்து, பதிலுக்கு மரினா சவுத்திலும் ஓபிர்-ரோச்சோர் பக்கமும் நிலம் பேசி முடித்தார்கள். 2011 ஜூன் 30 இரவு தஞ்சோங் பகார் ஸ்டேஷனிலிருந்து கடைசி ரயில் புறப்பட்டது. ஓட்டியவர் ஜொகூர் சுல்தான். ரயில் போய்விட்டது, உட்லண்ட்ஸ் வரைக்கும் 24 கிலோமீட்டருக்கு ரிப்பன் மாதிரி ஒரு நிலம் மிஞ்சியது. அதில் அடுக்குமாடி எழும்பாமல் போனதற்கு அரசாங்கத்தின் நல்ல மனசு மட்டும் காரணமில்லை. கடைசி ரயில் ஓடுவதற்கு முன்பே அங்குள்ள இயற்கை ஆர்வலர்கள் ‘இதைப் பச்சையாகவே விடுங்கள்’ என்று திட்டம் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். மனு எழுத உங்களுக்கு எப்போதாவது கை வந்ததுண்டா?

சரி, கோலாலம்பூருக்கு வருவோம். ரயில் பாதை நடைபாதை ஆக வேண்டுமென்றால் முதலில் ரயில் நிற்க வேண்டும். இங்கே நிற்கவில்லை. அம்பாங்குக்குப் போன பழைய கிளைப் பாதையின் தடத்தில்தான் 1996-லிருந்து எல்ஆர்டி என்ற நகர ரயில் ஓடுகிறது. பத்துமலைக் கிளைக்கு மின்கம்பி இழுத்து, 2010 ஜூலையில் கொமுட்டர் ரயில் விட்டார்கள். நீங்கள் செந்தூல்காரர், தைப்பூசத்துக்கு எதில் போகிறீர்கள்? அந்தப் பாதையில் பூச்செடி வைத்து பெஞ்சு போட்டிருந்தால் குடும்பத்தோடு பால்குடத்தைத் தூக்கிக்கொண்டு நடந்துதான் போயிருப்பீர்கள். (நடந்தே போகிறவர்களும் உண்டு. அது வேண்டுதல், வேறு கதை.) ஓடுகிற ரயிலை நிறுத்திவிட்டுப் பூங்கா கேட்கிற கட்சியில் நான் இல்லை.

இடிப்பதைப் பற்றிச் சொன்னது பாதி சரி. பிரிக்பீல்ட்ஸில் ‘நூறு கோட்டர்ஸ்’ என்ற பழைய ஊழியர் குடியிருப்பு இருந்த இடத்தில் இப்போது ஒரு செங்கல்கூட இல்லை. ஆனால் உங்கள் செந்தூலிலேயே ரயில்வேயின் பழைய கட்டடம் ஒன்று 2005-லிருந்து நாடக அரங்காக நிற்கிறது. சிங்கப்பூர் வரை போய் நடந்தவர், பக்கத்தில் இருக்கிற அதற்குள் ஒரு முறையாவது நுழைந்திருக்கிறீர்களா?

எனக்கு வருத்தம் வேறு இடத்தில். உங்கள் கடிதத்தில் மரம் இருக்கிறது, சுத்தம் இருக்கிறது, பேரன் இருக்கிறான். பாதையைப் போட்ட ஆளைக் காணோம்.

அந்தப் பாதையில் உங்களுக்கு மூச்சு வாங்கவில்லை, கவனித்தீர்களா? அது பூங்கா அதிகாரியின் கைங்கரியம் அல்ல. இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தில் செங்குத்தாக ஏறாது, வழுக்கும். நூறு மீட்டர் போனால் ஒரு மீட்டர் ஏறினாலே இன்ஜின் முனகும். அதனால் மேட்டை வெட்டி, பள்ளத்தை நிரப்பி, பாதையைத் தட்டையாக ஆக்கினார்கள். மண்வெட்டியும் கூடையும்தான் கருவி. மலாயாவின் முதல் ரயில் 1885-ல் தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டுக்கு ஓடியது, அடுத்த வருடம் கோலாலம்பூரிலிருந்து கிள்ளான் பக்கம். அந்தக் காலம் தொட்டு மண் சுமந்ததிலும், கல் கொட்டியதிலும், பிறகு கேங்கில் சேர்ந்து பாதையைப் பார்த்துக்கொண்டதிலும் நம்மவர்கள் எத்தனை பேர்! போர்ட் வெல்டில் மிஞ்சியிருக்கிற ஸ்டேஷன் பலகையில் தமிழ் எழுத்து சும்மா வந்து உட்காரவில்லை. நீங்கள் நடந்த பாதையிலேயே குவீன்ஸ்வே பக்கம் ரயில்வேத் தமிழர்கள் 1930-களில் தண்டவாளத்து ஓரமாக முனியாண்டிக்குக் குடிசை போட்டார்கள். அது இடம் மாறி, இன்று காமன்வெல்த் டிரைவில் ஸ்ரீ முனீஸ்வரன் கோவிலாக இருக்கிறது.

ரயில் போன தடத்தில் நடப்பது எப்போதும் காலாற நடப்பதாகவும் இருக்காது. தாய்லாந்தில் ஹெல்ஃபயர் பாஸ் என்ற இடத்தில் பாறையைப் பிளந்த பழைய தடம் ஒன்று நடைபாதையாக இருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் சயாமிலிருந்து பர்மாவுக்கு ஜப்பான்காரன் போட்ட 415 கிலோமீட்டர் சயாம் ரயில் பாதையின் தடம் அது. 1998-ல் ஆஸ்திரேலியா அங்கே அருங்காட்சியகம் திறந்தது, தன் வீரர்களுக்காக. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அவர்களிடம் பெயர்ப்பட்டியல் இருந்தது, தேடிப் போனார்கள். நம் தோட்டங்களிலிருந்து லாரியில் ஏற்றிக்கொண்டு போன பல்லாயிரம் பேருக்கு யார் பட்டியல் வைத்தது? ‘சயாமுக்குப் போனார், வரவில்லை’, அவ்வளவுதான் பல வீடுகளில் வரலாறு. நீங்களோ கையில் பேனா இருந்தும் ‘பெயர் போட வேண்டாம்’ என்கிறீர்கள்.

நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் வரிசையில் கேங் வேலை பார்த்த ஒரு பெரியவர் இருந்தார். ஓய்வு பெற்று எத்தனையோ வருடம் கழித்தும் அவர் எடுத்து வைக்கும் அடி ஒரே அளவாக இருக்கும், தண்டவாளத்துக்கு அடியில் குறுக்கே கிடக்கும் ஸ்லீப்பர் கட்டைக்கு ஒன்று என்ற கணக்கில். சந்தைக்கு மீன் வாங்கப் போனாலும் அதே குட்டை நடைதான். பின்னால் போகும் பையன்கள் அதேபோல நடந்து காட்டிச் சிரிப்போம். நானும்தான் சிரித்தேன்.

புக்கிட் தீமா ஸ்டேஷனில் கொஞ்சம் தண்டவாளத்தைக் கட்டையோடு விட்டு வைத்திருக்கிறார்கள். அடுத்த முறை பேரனை அங்கே கூட்டிக்கொண்டு போய், கட்டைக்கு ஒரு அடி வைத்து நடக்கச் சொல்லுங்கள். ரயில்வேயில் உங்கள் வீட்டு ஆள் யாராவது இருந்திருந்தால் அவர் பெயரை அவனிடம் சொல்லுங்கள். அப்புறம் எங்களுக்கும் எழுதுங்கள், உங்கள் பெயரையும் சேர்த்து.